கை கழுவாத தூதன்

முன்னொரு காலத்தில், ஒரு மீசைக்காக இரண்டு நாடுகள் சண்டைக்குப் போக இருந்தன.

பக்கத்து நாட்டு மன்னர் செங்கோடர் அன்போடு அனுப்பிய பலாப்பழத்தை மன்னர் இடும்பவர்மர் ஆசை ஆசையாய்த் தின்றார். பலாப்பால் மீசையில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தடவினால் போய்விடும். ஆனால் மன்னர் மீசையில் கை வைக்க யாருக்குத் தைரியம்? அவரே பிடித்து இழுத்தார். இடப்பக்க மீசை கையோடு வந்துவிட்டது.

"இது செங்கோடனின் சதி, மன்னா" என்று தூபம் போட்டார் சேனாபதி வல்லபராயர். உடனே வசவுகளாலேயே ஓர் ஓலை தயாரானது. கொண்டுபோகிறவன் உயிரோடு திரும்பமாட்டான், பின்னாலேயே போரும் வரும். அது தெரிந்துதான் சேனாபதி, தன்னைச் சபையில் ஓயாமல் கேலி செய்யும் விகடகவி தாண்டவனின் பெயரைச் சொன்னார்.

"முறைப்படி விருந்து உண்டு, கை கழுவி, அதன்பின் ஓலையைக் கொடு. வரிசை மாறினால் உன் தலை இருக்காது" என்றார் மன்னர்.

தாண்டவன் ஓலையை வாங்கிக்கொண்டு யோசித்தபடியே புறப்பட்டான். தலை ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததே அந்த நாட்டில்தான்.

செங்கோடரின் அரண்மனையில் வயிறு முட்டச் சாப்பிட்டான். கை கழுவச் செம்பு வந்தது. தாண்டவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இன்னும் சாப்பிட்டு முடியவில்லை, அரசே. எச்சில் கையால் ஓலையின் அரச முத்திரையைத் தொடலாமா?"

மறுநாளும் அதே கையோடு பந்தியில் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. பக்கத்து இலைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அமைச்சர் முறைத்தார். செங்கோடரோ எத்தனையோ தூதர்களைப் பார்த்தவர். ஓலையில் என்ன இருக்கும் என்று அவருக்கா தெரியாது?

"விருந்தாளியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்புவது நம் வழக்கமில்லை. சாவகாசமாகச் சாப்பிடட்டும்" என்றார்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. இங்கே இடும்பவர்மருக்கு மீசை இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தவருக்கு ஓலை ஞாபகம் வந்ததும் பகீரென்றது. குதிரைவீரனை விரட்டினார்: "தாண்டவனை இருந்தபடியே வரச் சொல்."

தாண்டவன் இருந்தபடியே வந்தான். விரலிடுக்கில் சோறு காய்ந்திருந்தது.

"ஓலையைக் கொடுத்துவிட்டாயா?" மன்னர் அரியணையின் நுனிக்கே வந்துவிட்டார்.

"எப்படிக் கொடுப்பேன், மன்னா? விருந்து உண்டேன். இன்னும் கை கழுவவில்லையே. தாங்கள் உத்தரவிட்டால் இப்போதே கழுவிவிட்டு ஓடுகிறேன்."

"இது ராஜத் துரோகம்" என்று சேனாபதி எழுந்தார்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையைக் கொளுத்தச் சொன்னார். அது சாம்பலானதும் தாமே இறங்கி வந்து, செம்பை எடுத்துத் தாண்டவன் கையில் தண்ணீர் ஊற்றினார். சுத்தமான கையில் தம் தங்கக் காப்பைக் கழற்றிப் போட்டார்.

எச்சில் தண்ணீரை ஏந்தக் கீழே ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சேனாபதி வல்லபராயர்.