சால்வைக்குள் பூசணிக்காய்

அல்லிமேட்டு ராஜாவுக்கு ஒரு வீம்பு. அவர் பெயரைச் சொல்லி எந்த உத்தரவு வந்தாலும் யாரும் மறுகேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் சவுக்கடி. ஒருமுறை, "பாயசத்தில் கறிவேப்பிலை போடச் சொன்னது நிஜமா, மகாராஜா?" என்று சமையற்காரன் கேட்டுத் தொலைத்தான். பாவம், ஒரு மாதம் குப்புறப் படுத்துத்தான் தூங்கினான். அன்றிலிருந்து அரண்மனையில் எல்லோரும் தலையை ஆட்டுவதோடு சரி.

இது திருடன் காதுக்கு எட்டாமல் இருக்குமா?

ஒருநாள் பட்டுத் தலைப்பாகை கட்டிய ஒருவன் குதிரை லாயத்துக்கு வந்தான். லாயக்காரனான காத்தவராயனின் காதில் கிசுகிசுத்தான். "ராஜா மாறுவேஷத்தில் ஊர் எல்லையில் நிற்கிறார். அவருடைய வெள்ளைக் குதிரை உடனே வேண்டும். பரம ரகசியம். யாரிடமும் மூச்சு விடாதே!"

காத்தவராயனுக்குச் சந்தேகம் வந்தது. சவுக்கும் ஞாபகம் வந்தது. குதிரையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். போன குதிரை திரும்பி வரவே இல்லை.

சபை கூடியது. பிரதானி திருவேங்கடநாதர் எகிறினார். "எவனோ வந்து கேட்டானாம், இவன் தூக்கிக் கொடுத்தானாம்! இப்படி ஒரு மடையன் உண்டா? பெண்டாட்டி பிள்ளைகளோடு நாடு கடத்துங்கள், பிரபு!"

காத்தவராயன் அழுதேவிட்டான். "கைக்குழந்தைக்காரன், மகாராஜா! எங்கே போவேன்?"

அப்போது அரசவை விகடகவி பிச்சாண்டி எழுந்தான். "பிரபு, தீர்ப்பை நாளைக்குத் தள்ளி வையுங்கள். மடையர்கள் இன்னும் எத்தனை பேர் என்று பார்த்து மொத்தமாக அனுப்பிவிடலாம். வண்டிக் கூலியாவது மிச்சமாகும்."

ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாள் காலை சபையைப் பார்க்க வேண்டுமே! பிரதானிக்கு வயிறு முன்னால் தள்ளியிருந்தது. சேனாபதிக்கு இடுப்பில் ஒரு புடைப்பு. வியர்த்து வழிகிற வெயிலில் எல்லோரும் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பிரதானியாரே, நேற்று இல்லாத தொப்பை இன்று எப்படி வந்தது?" என்றான் பிச்சாண்டி.

"வாயு!"

"சேனாபதிக்குமா?"

சேனாபதி தும்மினார். சால்வை நழுவியது. தொம்மென்று ஒரு பூசணிக்காய் விழுந்து உருண்டது. பதறிப்போய் பிரதானி கையை எடுத்தார். அவருடையதும் விழுந்தது. அப்புறம் என்ன, சபை முழுக்கப் பூசணிக்காய்தான்!

"என்ன அசிங்கம் இது?" என்று ராஜா கத்தினார்.

"தங்கள் உத்தரவு, பிரபு!" என்றார் பிரதானி. "ராத்திரி ஆள் வந்து சொன்னான். சால்வைக்குள் பூசணிக்காயை மறைத்து எடுத்து வர வேண்டும், ரகசியம், அவசரம் என்றான்."

"நான் எதற்காகப் பூசணிக்காய் கேட்கப் போகிறேன்?"

"பதவி உயர்வுக்கு ஏதோ பரீட்சை என்று நினைத்தேன், பிரபு."

பிச்சாண்டி கும்பிட்டான். "அனுப்பியது நான். கூத்துக்காரர்கள் நாலு பேருக்குத் தலைப்பாகை கட்டிவிட்டேன். ஒருவராவது தங்களிடம் வந்து கேட்டாரா?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "கேட்க வேண்டாமா? யார் வந்து எதைச் சொன்னாலும் நம்பிவிடுவதா? காத்தவராயனோடு சேர்த்து உங்கள் எல்லோரையும் நாடு கடத்துகிறேன்!"

"நின்றுகொண்டு சொல்லுங்கள், பிரபு" என்றான் பிச்சாண்டி. "தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம். உட்கார்ந்தபடி சொல்கிற தண்டனை செல்லாது."

ராஜா நெளிந்தார். "இன்று கால் வலி."

"அப்படியானால் தீர்ப்பே இல்லை."

கோபம் தலைக்கேறியது. ராஜா விருட்டென்று எழுந்தார்.

மடியிலிருந்த பட்டுத் துணி சரிந்தது. சபையிலேயே பெரிய பூசணிக்காய் சிம்மாசனத்துப் படிகளில் தடதடவென்று இறங்கி, காத்தவராயன் காலடியில் போய் நின்றது.

"ஐயே! இது என்ன கோலம்?" என்றாள் பக்கத்தில் இருந்த மகாராணி செண்பகவல்லி.

"நீதானே தாதியிடம் சொல்லி அனுப்பினாய்? திருஷ்டி கழிய மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி! அதைப் பற்றி உன்னிடம் பேசினால் பலிக்காது என்றும் சொன்னாயே!"

"நானா? எனக்கு எதுவும் தெரியாதே!"

"அந்தத் தாதி கூத்தில் பெண்வேஷம் கட்டுகிற ஆள், தாயே" என்றான் பிச்சாண்டி. "மீசையை எடுக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தான். முக்காடு போட்டு அனுப்பினேன்."

மகாராணி திரும்பினாள். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

ராஜா குரலைத் தாழ்த்தினார். "உன்னிடம் மறுகேள்வி கேட்டுவிட்டு யார் நிம்மதியாக இருக்க முடியும்?"

"இதைத்தான் பிரபு காத்தவராயனும் சொல்கிறான்" என்றான் பிச்சாண்டி.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இப்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளவும் வசதியாக இருந்தது. காத்தவராயனுக்கு விடுதலை. பிச்சாண்டிக்கு முத்துமாலை. கூடவே புது உத்தரவு: ராஜா பெயரைச் சொல்லி யார் என்ன கேட்டாலும் அரண்மனைக்கு வந்து விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும். விசாரிக்காதவனுக்குத்தான் இனிமேல் சவுக்கடி.

அந்தப் பட்டுத் தலைப்பாகைக்காரன் ருசி கண்டு, கறுப்புக் குதிரைக்கும் வந்தான். "கொஞ்சம் உட்காருங்க, கேட்டுட்டு வந்துடறேன்" என்று அரண்மனைக்கு ஓடிய காத்தவராயன், காவலர்களோடு திரும்பினான். வெள்ளைக் குதிரையும் மீண்டு வந்தது.

சந்தோஷத்தில் ராஜாவே லாயத்துக்கு வந்தார். "காத்தவராயா, என் குதிரையை அவிழ்! ஒரு சவாரி போக வேண்டும்."

காத்தவராயன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "கொஞ்சம் உட்காருங்க."

"அடேய், நான்தானடா ராஜா!"

"அப்படித்தாங்க எல்லாரும் சொல்றாங்க. மகாராணி கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."