வெற்றிலை வாங்கியவர் ஏணி ஏறிய கதை

அரசர் கையால் தரும் வெற்றிலை பாராட்டுக்கு அடையாளம் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இனியும் வளரவிடக் கூடாது. இக்கதை நடந்த நாட்டிலாவது அது வேலைக்கு அடையாளம். யோசனை சொல்லி வெற்றிலை வாங்கியவர், அந்த யோசனையைத் தம் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். முறை அதுதான், நெடுநாளாக யாருக்கும் அது நினைவில் இல்லை, அவ்வளவே.

வெகு காலத்துக்கு முன் அந்தச் செங்குன்ற நாட்டை வில்லவராயர் ஆண்டார். நல்லவர், ஆனால் உரக்கச் சொன்னால்தான் அவருக்கு உண்மையாகப் படும். சபையில் ஓலை எழுதும் கூத்தனுக்கோ மெல்லிய குரல். பக்கத்து இருக்கை உத்தண்டருக்கு முரசுக் குரல். கூத்தன் முணுமுணுத்த யோசனையை உத்தண்டர் எழுந்து முழங்குவார். வெற்றிலையை வாங்கி மெல்லுவார். வேலையைக் கூத்தன் தலையில் கட்டுவார்.

ஒருநாள் சிம்மாசனத்துக்கு மேலே தேனீக்கள் கூடு கட்டின. "என் பிறந்தநாளில் வந்த விருந்தாளிகள். அவற்றைக் கொல்லவும் கூடாது, நான் இடம் மாறவும் மாட்டேன்" என்ற அரசர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்சி செய்தார். புழுக்கத்தில் கோபம் ஏறியது.

"கூத்தா! மூன்று வருஷமாக உன் வாயிலிருந்து ஒரு யோசனை வந்ததில்லை. நாளைக்கும் வராவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை!"

கூத்தன் அமைச்சர் எயினரிடம் ஓடினான். "ஐயா, நான் தேன் எடுக்கும் குடியில் பிறந்தவன். வழி எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறந்தால் உத்தண்டர் பிடுங்கிக்கொள்வாரே!" என்றான் அழாத குறையாக.

"பிடுங்கட்டும். நாளைக்கும் மெதுவாகவே சொல்" என்றார் அமைச்சர்.

மறுநாள் கூத்தன், "தேனீக்களை உயிரோடு நந்தவனத்துக்கு மாற்றலாம், அரசே" என்றான்.

"தேனீக்களை உயிரோடு நந்தவனத்துக்கு மாற்றலாம், அரசே!" என்று முழங்கினார் உத்தண்டர்.

"அபாரம்!" வெற்றிலை கைமாறியது.

அமைச்சர் எழுந்தார். "அரசே, தங்கள் பாட்டனார் வகுத்த முறைப்படி, வெற்றிலை வாங்கியவரே செய்து முடிக்க வேண்டும். ஏணிக்குச் சொல்லிவிட்டேன்."

"நானா?" என்றார் உத்தண்டர்.

"பின்னே நானா?" என்றது கம்பளி.

முதல் படியில் உத்தண்டரின் குரல் இறங்கியது. மூன்றாம் படியில் ஒரு தேனீ அவர் மூக்கை நலம் விசாரித்தது.

"அரசே, இது கூத்தன் சொன்னது!"

"அப்படியா? போன வருஷம் ஏரிக்கரையைக் காப்பாற்றிய யோசனை?"

"அதுவும்!"

"பட்டத்து யானைக்கு மதம் பிடித்தபோது சொன்னீரே?"

"எல்லாமே அவன்தான்! இறங்கட்டுமா?"

கூத்தன் ஏறினான். தேங்காய்நார்ப் புகை காட்டி, ராணித் தேனீயைப் பக்குவமாகப் பானைக்குள் விட்டான். மற்றவை பின்னாலேயே போயின.

அரசர் கம்பளியை எறிந்தார். "மூன்று வருஷமாக உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டிய நான், உன்னை விரட்டப் பார்த்தேனப்பா. எனக்குக் கேட்காத தூரத்தில் உன்னை உட்காரவைத்தது என் தவறு." கூத்தனுக்குத் தம் வலப்பக்கம் இருக்கை போடச் சொன்னார். "உத்தண்டரே, உமக்கும் வேலை உண்டு. இவன் சொல்வதை இனியும் நீரே முழங்கும். 'கூத்தன் சொல்கிறான்' என்று தொடங்கி."

அன்று மாலை, பழைய தேனடையில் வடித்த தேனோடு கூத்தன் அமைச்சர் வீட்டுக்குப் போனான்.

"இது எதற்கு?" என்றார் அவர்.

"எல்லோரும் என்னை உரக்கப் பேசு, உரக்கப் பேசு என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் சொல்லவில்லை, ஐயா."

மறுநாள் சபையில் வெற்றிலைத் தட்டு வந்தபோது, பதினொரு பேர் தங்களுக்குப் பல்வலி என்றார்கள்.