ஆந்தைப் பேய்க்கு முட்டைப் படையல்

குளக்கரையில் ஒரு மொட்டைப் பனை நின்றது. அதன் பொந்தில் வாழ்ந்த கிழட்டு ஆந்தை ஒருநாள் செத்துப்போனது. அன்றிலிருந்து உச்சிவேளையில் பொந்துக்குள் யாரோ முனகுவது கேட்டது.

"ஆந்தை பேயாகிவிட்டது!" என்றது கீரி, கரையில் வாழ்ந்தவர்களைக் கூட்டி. "பசியில் முனகுகிறது. தினம் ஒரு வீட்டார் ஒரு முட்டையைப் பனையடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் ரத்தம் கக்கிச் சாவீர்கள்! பூசையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

குளத்தில் நீந்தும் நாமக்கோழி முட்டை வைத்தது. ஆமை மணலைத் தோண்டித் தன் முட்டையை எடுத்து வந்து வைத்தது. அழுதுகொண்டே நடந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

மூன்று முறை வைத்துவிட்ட காடைக்கு மிச்சம் ஒரே முட்டை. நான்காம் முறையும் வந்தது.

"பூசாரி அண்ணே, பேய்க்கு ஏது வயிறு?" என்றது காடை.

"வாயை மூடு! அதன் காதில் விழப்போகிறது!"

"உங்கள் மீசையில் என்ன, மஞ்சளாக?"

"காப்புக்குப் பூசியது. உனக்கு எதற்கு இத்தனை கேள்வி?"

"நாங்களெல்லாம் வைக்கவில்லையா? உன் முட்டை மட்டும் தங்கமா?" என்று சீறியது ஆமை.

"நீ வைக்காவிட்டால் பேய் என் வீட்டுக்கல்லவா வரும்! வை, தாயே!" என்று கெஞ்சியது நாமக்கோழி.

காடை வைத்தது. பத்தடி நடந்தது. அப்போது பின்னால் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு 'கீச்' என்றது.

"செத்தாலும் சரி!" என்று காடை சட்டெனத் திரும்பியது.

முட்டையை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, கல்லில் மோதி உடைக்கக் குனிந்திருந்தது கீரி!

"திருட்டுப் பயலே!" காடை பாய்ந்து அதன் கண்ணருகே கொத்தியது. முட்டை நழுவிப் புல்லில் உருண்டது.

"நானா? பேய் கேட்டது! நான் வெறும் பூசாரி!" என்று அலறியது கீரி.

காற்றே இல்லை. ஆனாலும் பனை அதிர்ந்தது.

"யாரடா கேட்டது?" பொந்துக்குள்ளிருந்து வந்தது ஆந்தையின் குரல். "உயிரோடு இருந்தவரை எலிதான் தின்றேன். ஒரு முட்டையைத் தொட்டதில்லை! இத்தனை நாளும் இதைத்தான் முனகினேன். ஒரு செவிடாவது நின்று கேட்டதா?"

கீரி ஓடியது. பிறகு அந்தக் கரைப் பக்கமே அது வரவில்லை.

ஆமையும் நாமக்கோழியும் காடையிடம் வந்து அழுதார்கள். காடை ஆறுதல் சொல்லவில்லை. முட்டையை இறகுக்குள் இழுத்துக்கொண்டது.

"திரும்பிப் பார்க்க உங்களுக்குக் கழுத்தே இல்லையா? எனக்கும்தான் மூன்று முறை இல்லாமல் போயிற்று!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பயம் காட்டிக் கேட்கிறவனிடம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அழுவதைவிட, கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது மேல்.