இருபது ஆட்டம்

"என் பிள்ளையை இந்த குரூப்புல இருந்து எடுத்து விட்டுருங்க டீச்சர்" என்றார் சுடலைமணி.

இயற்பியல் ஆசிரியை பெனிட்டா ஆய்வக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தொன்பது வயது. வந்தவருக்கு நாற்பத்தாறு. மினிபஸ் டிரைவர். மதிய டிரிப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடே வந்திருந்தார்.

"உட்காருங்கண்ணே. யாரு உங்க பிள்ளை?"

"அனுசுயா. பதினொண்ணாவது."

பெனிட்டா துணியைக் கீழே வைத்தார்.

"பத்தாவதுல சயின்ஸ் தொண்ணூத்தாறு டீச்சர். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். இப்போ காலாண்டுல ஃபிசிக்ஸ் எழுபதுக்குப் பத்தொன்பது. மூணு நாளா ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கா. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கா."

"மாறணும்னு அவ கேட்டாளா?"

"கேக்கல. நான்தான் எழுதிட்டு வந்தேன். ஹெச்.எம். சரின்னுட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்டா காமர்ஸ் குரூப்ல சேர்த்துக்கிடுவாங்களாம்."

பெனிட்டா கடிதத்தை வாங்கினார். படித்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சுடலைமணி இதை எதிர்பார்க்கவில்லை. எழுந்தார். வாசல் வரை போனார். நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? இந்த சயின்ஸ் குரூப்புல படிச்சா பிள்ளைக்கு என்னதான் கிடைக்கும்?"

பெனிட்டா தாங்கியில் ஒரு மீட்டர் நூலைக் கட்டினார். நூலின் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பித்தளைக் குண்டு.

"இது ஊசல். போயிட்டுத் திரும்பி வந்தா ஒரு ஆட்டம். இருபது ஆட்டத்துக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

ஸ்டாப் வாட்சை அவர் கையில் வைத்தார்.

சுடலைமணி சிரித்தார். "நேரம் பார்க்க எனக்கா சொல்லணும்? பதினாறு வருஷமா ஆறு இருபத்தஞ்சுக்கு வண்டி எடுக்கேன். ஒரு நிமிஷம் தப்பினதில்ல."

குண்டை இழுத்து விட்டார். "ஒண்ணு" என்றார். உதடு அசைய எண்ணினார். இருபது என்றதும் அழுத்தினார்.

"முப்பத்தெட்டு."

"நாற்பது வரணுமேண்ணே."

மறுபடி விட்டார். முப்பத்தெட்டு.

"வாட்ச் கோளாறு" என்றார். பெனிட்டா வேறு வாட்ச் கொடுத்தார். முப்பத்தெட்டு.

"காத்தாடிக் காத்து தள்ளுது." தானே போய் மின்விசிறியை நிறுத்தினார். முப்பத்தெட்டு.

நூலை அளந்து பார்த்தார். சரியாக ஒரு மீட்டர். சட்டை முதுகில் ஒட்டியது. ஒன்பது முறை விட்டார். ஒன்பது முறையும் முப்பத்தெட்டு.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் காதில் விழவில்லை.

"எங்க தப்புன்னு சொல்லுங்க டீச்சர்."

"சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டீங்களா?"

"ஆமா."

சுடலைமணிக்குக் கோபம் வந்தது. பத்தாவது முறையாகக் குண்டைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார்.

பெனிட்டா அலமாரியிலிருந்து ஒரு ரெக்கார்டு நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தார். மகளின் கையெழுத்து அவருக்குத் தெரியும். எழுத்து எழுத்தாகப் படித்தார்.

'பத்து ஆட்டம், பதினெட்டு நொடி. இருபது ஆட்டம், முப்பத்தெட்டு நொடி. முப்பது ஆட்டம், ஐம்பத்தெட்டு நொடி.'

அதன் கீழே சில வரிகள்.

'பத்திலிருந்து இருபதுக்குப் போக இருபது நொடி. இருபதிலிருந்து முப்பதுக்கும் இருபது நொடி. முதல் பத்துக்கு மட்டும் ஏன் பதினெட்டு? குண்டை விடும்போதே ஒன்று என்று எண்ணிவிட்டேன். அப்போது ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அது பூஜ்யம்.'

சுடலைமணி இரண்டு முறை படித்தார்.

எழுந்து குண்டை இழுத்தார்.

"பூஜ்யம்" என்று சொல்லிக்கொண்டே அதை விட்டார்.

நாற்பது.

வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"இதை யாரு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல. நானும் சொல்லல. போன மாசம் மூணு நாள் சாயங்காலம் இங்கயே நின்னா. மத்தவங்க ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சரியான விடையை எழுதிட்டுப் போயிட்டாங்க. முதல் நாள் அழுதா. ரெண்டாம் நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள், நான் கதவைப் பூட்டப் போகும்போது கண்டுபிடிச்சுட்டேன்னு கத்தினா பாருங்க, வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு."

"அப்புறம் ஏன் டீச்சர் பத்தொன்பது?"

"பரீட்சையில கணக்கைப் பாதியில விட்டுட்டா. நேரம் பத்தல."

"அரையாண்டுல ஏறுமா?"

"தெரியலண்ணே. ஏறலாம். நாளாகவும் செய்யலாம். பொய் சொல்ல மாட்டேன்."

சுடலைமணி நோட்டை மூடினார். அட்டையில் தூசி இல்லை. இருந்தும் உள்ளங்கையால் துடைத்தார். பிறகு தன்னைவிட இளையவரான அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார்.

பெனிட்டா பதறிப்போனார்.

"ஐயோ, நீங்க எதுக்குண்ணே கும்பிடுறீங்க? நாலு வருஷமா நோட்டுத் திருத்துறேன். எல்லாத்துலயும் விடை சரியா இருக்கும். தன்னோட தப்பை அடிக்காம விட்டு, ஏன் தப்புன்னும் எழுதின பக்கத்தை நான் பார்த்ததே இல்ல. அன்னைக்கு பஸ்ஸுல வழி முழுக்கச் சிரிச்சுக்கிட்டே போனேன். நான்தான் உங்களைக் கும்பிடணும்."

சுடலைமணி கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். 

அனுசுயா வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காக்கிச் சட்டையைக் கண்டதும் டிபன் டப்பாவை வைத்துவிட்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சரைப் பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன். கையெழுத்தும் போட்டுட்டாங்க. மாறணும்னா மாறிக்கிடலாம்." கடிதத்தை அவளிடம் கொடுத்தார். "உன் படிப்பு. நீ சொல்லு."

அவள் கடிதத்தைப் படித்தாள். இரண்டாக மடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூ கேஜ்ப்பா."

"அப்படின்னா?"

"கம்பியோட தடிமனை அளக்கிறது. ரொம்பச் சின்னதெல்லாம் அளக்கலாம். தலைமுடியைக்கூட அளக்கலாமாம்."

சுடலைமணி மகளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தலையைத் தடவி, இரண்டு முடியைப் பிடுங்கினார். ஒன்று கறுப்பு. ஒன்று வெள்ளை.

"எது தடிமன்னு பார்த்து எனக்கும் சொல்லு" என்று நீட்டினார்.