முதல் இலை

"இன்னொரு விரதம் சொல்லுங்க சாமி," என்றாள் இசக்கியம்மாள்.

சாமியம்மா சாப்பாட்டுக்கு மந்தாரை இலை தைத்துக்கொண்டிருந்தாள். ஈர்க்குச்சியைக் குத்துவதும் ஒடிப்பதுமாக இருந்த கை நிற்கவில்லை.

"இப்போ எத்தனை விரதம் இருக்கீங்க அக்கா?"

"திங்கள் வீட்டுக்காரருக்கு. செவ்வாய் மூத்தவளுக்கு. வெள்ளி நடுவுலவனுக்கு. சனி கைப்பிள்ளைக்கு."

"வியாழன்?"

"அது போன வாரம் சேத்தது. தண்டனை."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்போ புதனும் ஞாயிறும்தான் மிச்சம்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

சாமியம்மாவுக்கு முப்பது வயது நிறையவில்லை. இசக்கியம்மாளுக்கு முப்பத்தேழு. தன்னைவிடச் சின்னவள் முன்னால் கைகட்டி நிற்க அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மலையடிவாரத்தில் சாமியம்மா நடத்தும் இந்த மடத்தைவிட்டால் வேறு மடம் இல்லை.

"தண்டனை போடுற அளவுக்கு என்ன செஞ்சீங்க?"

"பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணு இருட்டிட்டு. முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன். பிள்ளை..."

"பிள்ளை?"

"பேசின் தண்ணியில குப்புறக் கிடந்தான். மூத்தவ ஓடிவந்து தூக்கினா. இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிருந்தா..."



"அன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"என்ன சாப்பிட்டிருந்தீங்க?"

"விரதமாச்சே சாமி."

"முந்தின நாள்?"

"அதுவும் விரதம். சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம்."

இலை தைத்த கை நின்றது.

"பால் குடிக்கிற பிள்ளையா?"

"எட்டு மாசம். எனக்குத்தான் பால் சரியா ஊறல. போன வெள்ளிக்கிழமை மாமியார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. 'நீ நேரா நில்லு, அப்புறம் தாரேன்'னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ஆறு நாளாச்சு."

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பலம் வேணும் சாமி. மயங்காம நிக்கணும். பிள்ளையைத் திருப்பி வாங்கணும். அதுக்கு ஒரு விரதம் சொல்லுங்க."

"சொல்லுதேன். மூணு நாள் இங்கே இருங்க."

"மூணு நாளா? வீட்டுல யார் சோறு வடிப்பா?"

"வீட்டுல யாருக்கும் கை இல்லையா?"



வீட்டுக்காரனுக்கு ரெண்டு கை உண்டு. அன்று காலையில் அந்தக் கைகளால்தான் பைக்கை ஓட்டிவந்து, எஞ்சினை நிறுத்தாமலே அவளை மடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவன் பேர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

*

மத்தியானம் மடத்தில் பந்தி உண்டு. பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கிறவர்கள் முப்பது பேர்போல வருவார்கள்.

அந்தப் பந்திக்கு ஒரு முறை இருந்தது. முதல் இலைக்காரர் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். முதல் இலைக்காரர் எழுந்துவிட்டால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். வயிறு நிறைந்தாலும் சரி, நிறையாவிட்டாலும் சரி.

முதல் இலை எப்போதும் சாமியம்மாவுக்கு. கடைசி ஆள் முடிக்கும்வரை அவள் மோரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்த முறையால் யாருக்கும் குறை வந்ததில்லை.

இசக்கியம்மாள் வந்த கையோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்கிவிட்டாள். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று.

சாமியம்மா வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். முதல் இலையைக் காட்டினாள்.

"அங்கே உக்காருங்க அக்கா."

"நான் கடைசியில..."

"அங்கே."

உட்கார்ந்தாள். சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது.

"இன்னைக்கு வியாழன் சாமி. நான் சாப்பிட முடியாது."

"முடியலன்னா சும்மா உக்காந்திருங்க."

பந்தியில் யாரும் கை வைக்கவில்லை. எல்லா முகமும் முதல் இலையைப் பார்த்தது. சோற்றில் ஆவி பறந்தது. பிறகு அது குறைந்தது. பிறகு இல்லை.

வரிசையில் பிச்சம்மாள் என்று ஒருத்தி. ஜல்லி சுமப்பவள். வாய் சும்மா இருக்காது.

"ஏ யம்மா, விடியக்காலம் குடிச்ச நீத்தண்ணி எப்பவோ இறங்கிப்போச்சு. நீ சாமி கும்பிடு, வேண்டாம்னு சொல்லல. உன் விரதத்துல எங்களையும் எதுக்குச் சேக்குற?"

இசக்கியம்மாள் சாமியம்மாவைப் பார்த்தாள்.

"அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க சாமி."

"நான் சொல்லி என்ன? கை உங்களது."

இசக்கியம்மாள் கண்ணை மூடினாள். பத்துப் பருக்கை எடுத்தாள். வாயில் போட்டாள். தன் கடன் முடிந்தது என்று எழுந்தாள்.

பந்தி முழுவதும் எழுந்தது.

ஒரு வாய்கூட யாருக்கும் உள்ளே போகவில்லை. மாசமாக இருந்த ஒரு பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். சோற்றோடு இலைகளைச் சுருட்டி மாட்டுத் தொட்டிக்கு எடுத்துப் போனார்கள்.

"நல்ல விரதம்டி இது," என்றாள் பிச்சம்மாள். "இருக்கிறது நீ. குடல் காயுறது எங்களுக்கு."

இசக்கியம்மாள் சாமியம்மா முன்னால் போய் நின்றாள்.

"இது பாவம் சாமி."

"ஆமா."

"அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

"பேசின் தண்ணியில கிடந்தவன் என்ன தப்பு செஞ்சான்?"

"நான் அவனுக்காகத்தான் பட்டினி கிடக்கேன்!"

சாமியம்மா ஒரு ஈர்க்குச்சியை ஒடித்தாள்.

"தெரியுது," என்றாள்.

அன்று சாமியம்மாவும் சாப்பிடவில்லை. அதனால் அது நியாயம் ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து இலை தைக்கிறவள் பசியும் வெயிலில் கல் உடைக்கிறவள் பசியும் ஒன்றில்லை.

*

மறுநாள் வெள்ளி.

இசக்கியம்மாள் நடுப்பிள்ளை பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். முதல் இலையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

வீட்டில் சாப்பிடுவது போலத்தான் சாப்பிட்டாள். வீட்டில் அவள் அடுப்படியில் நின்றபடி, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, ஒரு கண்ணைத் தொட்டில்மேல் வைத்துக்கொண்டு விழுங்குவாள். இங்கே உட்கார்ந்து விழுங்கினாள். அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு வாய். முடிந்தது. எழுந்தாள்.

பந்தி எழுந்தது.

பிச்சம்மாள் உஷாராக இருந்தாள், பாதிக்குமேல் தின்றிருந்தாள். மாசமான பெண் கால்வாசி. கடைசி இலையில் தவசி என்ற கிழவர். வாயில் ஒரு பல் இல்லை. சோற்றைக் கூழாகப் பிசைந்து ரெண்டாவது வாய் போட்டிருந்தார். அவசரமாக விழுங்கினார்.

புரை ஏறியது.

கண் பிதுங்கியது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இசக்கியம்மாள் ஓடிப்போய் முதுகில் அறைந்தாள். ஒரு அறை. ரெண்டு. மூன்றாவது அறையில் சோறு தெறித்து வெளியே விழுந்தது.



கிழவர் துண்டால் வாயைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி துடைத்தார்.

"தாயி, எங்கேயும் பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

சிலர் சிரித்தார்கள். இசக்கியம்மாள் தலை குனிந்தாள்.

"பெரியவரே, மன்னிச்சிருங்க. நான்தான் சாப்பிட்டேனே..."

"சாப்பிட்டியா? இன்னைக்கு என்ன கூட்டு?"

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள்.

தெரியவில்லை.

திரும்பித் தன் இலையைப் பார்த்தாள். வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. கூட்டு வைத்த இடத்தில் ஒரு பச்சைத் தடம் மட்டும்.

"புடலங்கா," என்றார் தவசி. "தேங்கா நிறையப் போட்டிருந்தான். எனக்கு ஒரு வாய் கிடைச்சிது."

*

சனிக்கிழமை இசக்கியம்மாள் உட்காரவில்லை.

பந்தி உட்கார்ந்துவிட்டது. பரிமாறியாகிவிட்டது. அவள் முதல் இலைக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் என்னை விட்ருங்க. சனிக்கிழமை கைப்பிள்ளைக்கு இருக்கிறது. நான் முறிச்சா அவனுக்கு ஏதாவது ஆயிரும்."

"ஆயிருமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது அக்கா."

இசக்கியம்மாள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்வாள் என நினைத்திருந்தாள். சாமியம்மா அப்படிச் சொல்லவில்லை. போய் ரெண்டாவது இலையில் உட்கார்ந்துகொண்டாள்.

பிச்சம்மாள்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

இசக்கியம்மாள் வரிசையைப் பார்த்தாள். மாசமான பெண் வயிற்றின்மேல் கை வைத்திருந்தாள். தவசி துண்டைத் தொடையில் விரித்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்தாள்.

சோற்றைத் தொட்டபோது விரல் ஆடியது. பிசைந்தாள். முதல் வாயை எடுத்தாள். மென்றாள். இன்னும் மென்றாள்.

வெண்டைக்காய் சாம்பார். உப்புக் கொஞ்சம் மட்டம்.

பந்தி சாப்பிடத் தொடங்கியது.

நாலாவது வாயில் அவளுக்குப் பசித்தது. ஒரு கவளம் போட்டதும் இன்னொரு கவளம் கேட்டது. அப்பளத்தை நொறுக்கினாள். கடைசி இலையை எட்டிப் பார்த்தாள். கிழவர் இப்போதுதான் பிசைகிறார். அவள் கை மெதுவாயிற்று.

அப்போது வாசலில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

அழுது அழுது கட்டிப்போன குரல். யாருடைய குழந்தை என்று அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. மார்பில் சுருக்கென்றது. ஒரு வாரமாக இல்லாத வலி.

மாமியார் சுப்புத்தாய் குழந்தையோடு உள்ளே வந்தாள். பந்தியைப் பார்த்தாள். முதல் இலையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குடி. மூணு நாளா புட்டிப்பாலைத் துப்பித் துப்பி இவன் துவண்டு கிடக்கான். சரி, பெத்தவகிட்ட கொண்டுபோவோம்னு ரெண்டு பஸ் மாறி வாரேன். நீ சனிக்கிழமையும் அதுவுமா வரிசையில முதல் ஆளா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கே."

குழந்தை அம்மாவைப் பார்த்துவிட்டது. ரெண்டு கையையும் நீட்டியது.

இசக்கியம்மாளின் வலது முழங்கால் தரையைவிட்டு எழும்பியது.

பந்தியில் எல்லாக் கையும் நின்றது. தவசியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மாசமான பெண் வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்திருந்தாள். சிலர் எழுவதற்குத் தயாராகக் காலைக்கூட மாற்றிவிட்டார்கள்.

"என்ன பார்க்கிற? எந்திரிச்சு வந்து வாங்குடி."

இசக்கியம்மாள் சாமியம்மாவைப் பார்த்தாள். சாமியம்மா தன் இலையில் ஒரு மிளகாய்க் காம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாரியா, இல்ல நான் இப்படியே திரும்பட்டுமா? வந்த பஸ் இன்னும் வெளியிலதான் நிக்குது. நான் போனேன்னா, அப்புறம் பிள்ளை பிள்ளைன்னு என் வாசல்ல வந்து நிக்காதே."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

குழந்தை அம்மாவை நோக்கித் துள்ளியது. சுப்புத்தாய் அதை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள்.

எழும்பிய முழங்கால் அப்படியே இருந்தது. பிறகு மெல்லத் தரைக்கு வந்தது. இசக்கியம்மாள் சம்மணத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். இடது கையால் மடியில் சேலையை விரித்தாள்.

"அத்தை, பிள்ளையை இதுல விடுங்க."

"என்னது?"

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சியும் சொல்லவில்லை. சுப்புத்தாய் மருமகள் முகத்தைப் பார்த்தாள். விரித்த கையைப் பார்த்தாள். அந்தக் கை ஆடவில்லை.

ஹாரன் ரெண்டாம் தடவை அடித்தது. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

சுப்புத்தாய் குனிந்து பிள்ளையை மடியில் விட்டாள்.

இசக்கியம்மாள் அவனை இடது கையால் அணைத்து முந்தானைக்குள் மூடினாள். கொஞ்ச நேரம் முண்டினான். அழுகை நின்றது.

கடைசி இலையில் தவசியின் கை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

பரிமாறுகிறவர் ரசவாளியோடு வந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முதல் இலை முன்னால் நின்றார்.

இசக்கியம்மாள் மீதிச் சோற்றைக் குவித்து, நடுவில் நல்ல ஆழமாக ஒரு குழி செய்தாள்.

"ஊத்துங்க," என்றாள்.