நீர்நாய் போட்ட கட்டு

தாமரை ஏரிக்கரையில் ஓட்டப் பயிற்சி தொடங்கிய முதல் நாளே செவந்தி என்கிற நீர்நாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

பின்னே என்ன? ஓடுகிறவர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆசை ஆசையாக வந்தவள் அவள். சுளுக்குக்குக் கட்டுப் போடலாம், காயத்துக்கு மருந்து வைக்கலாம், 'செவந்தி மட்டும் இல்லைன்னா என் கால் என்ன ஆகியிருக்கும்!' என்று நாலு பேர் சொல்வதைக் காது குளிரக் கேட்கலாம் என்று கனவு கண்டிருந்தாள். வந்தவள் கையில் இரண்டு சுரைக்குடுக்கைகளைத் திணித்து, "போய்த் தண்ணி மொண்டுட்டு வா!" என்று சொல்லிவிட்டாள் வேலம்மா.

வேலம்மா ஒரு கீரி. ஏரிக்கரை அணிக்கு வைத்தியம் பார்ப்பவள். நின்று பேச அவளுக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

"நான் நீர்நாய்ங்கிறதால தண்ணி தூக்கச் சொல்றீங்களா, அக்கா?" என்று கேட்டாள் செவந்தி.

"நீ புதுசுங்கிறதால சொல்றேன்! நல்லா கேட்டுக்கோ. தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி கொடுக்கணும். மருந்துப் பெட்டி எப்பவும் நிறைஞ்சிருக்கணும். பயிற்சி நடக்கிறப்போ உன் கண்ணு அவங்க கால்மேலயே இருக்கணும். யாருக்கு எங்க வலிச்சாலும் முதல்ல எனக்குத் தெரியணும். நான் பார்த்த பிறகுதான் கட்டு. அப்புறம், நம்மாளுங்க வலி வெளியே போகக் கூடாது. பந்தயத்துல நம்மளை எதிர்த்து ஓடுற மலைக்காரங்க காதுல விழுந்தா அந்தக் காலாப் பார்த்து இடிப்பாங்க!"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, காட்டுப்பன்றியின் முதுகில் தைத்த முள்ளைப் பிடுங்க ஓடிவிட்டாள். செவந்திக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும் மனதில் நன்றாகப் பதிந்தது. இரகசியம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆண்டுதோறும் முதல் மழை முடிந்ததும் ஏரிக்கரைக்காரர்களுக்கும் மலையடிக்காரர்களுக்கும் தொடர் ஓட்டப் பந்தயம் நடக்கும். அணிக்கு நான்கு பேர். ஒரு மூங்கில் குச்சியைக் கைமாற்றிக் கைமாற்றி ஏரியைச் சுற்றி வர வேண்டும். ஜெயித்தவர்களுக்கு அடுத்த கோடை முழுவதும் ஏரியில் முதல் தண்ணீர். தோற்றவர்கள் அவர்கள் குடித்துக் கலக்கிவிட்டுப் போகும்வரை வெயிலில் காத்து நிற்க வேண்டும்.

ஏரிக்கரை அணியில் முதலில் முயல், பிறகு நரி, பிறகு காட்டுப்பன்றி. கடைசியாக ஓடுகிறவன் மருதன் என்கிற புள்ளிமான். கடைசிச் சுற்றில் ஒரு பெரிய ஓடை குறுக்கிடும். அதை ஒரே தாவில் தாண்ட மருதனால்தான் முடியும். அணியின் நம்பிக்கை முழுவதும் அவன் நான்கு கால்களில்தான் இருந்தது. யாராவது வராவிட்டால் ஓட ஒரு முள்ளம்பன்றியும் பெயர் கொடுத்திருந்தது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. அதுவும் பார்த்ததில்லை.

நாட்கள் போயின. செவந்தி தண்ணீர் தூக்கினாள். பெட்டியில் வாழைநாரைச் சுருட்டி வைத்தாள், மஞ்சள் கிழங்கை எண்ணி வைத்தாள். பயிற்சி நேரத்தில் மைதான ஓரத்தில் நின்று கால்களைப் பார்த்தாள். ஓடும் கால், நிற்கும் கால், சொறியும் கால். கொட்டாவிதான் வந்தது!

'பார்த்துக்கொண்டே நிற்பதெல்லாம் ஒரு வேலையா?' என்று அலுத்துக்கொண்டாள். பிறகு யாருக்கும் தெரியாமல் மூங்கில் புதருக்குப் பின்னால் போய், ஒரு மரவேருக்குக் கட்டுப் போட்டுப் பழக ஆரம்பித்தாள். நீர்நாயின் விரல்களாச்சே! மூன்றே நாளில் கைவந்துவிட்டது. நார் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி, பாய் பின்னியது போல அத்தனை அழகாக விழுந்தது. வேர் வாய் திறந்து வலிக்கிறது என்றா சொல்லப் போகிறது? இறுக்கிக் கட்டினாள்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவள் வேருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மருதன் ஓடையைத் தாண்டி இறங்கும்போது கால் பிசகிவிட்டது. பார்த்திருக்க வேண்டியவள் பார்க்கவில்லை. மருதன் நொண்டி நொண்டிப் புதருக்குப் பின்னால் வந்தான். அங்கே செவந்தியையும் அவள் வேரில் போட்டிருந்த கட்டையும் கண்டதும் அவன் கண் விரிந்தது.

"யப்பா! நீயா போட்டே இதை? வேலம்மாக்காவுக்குக்கூட இவ்வளவு நேர்த்தியா வராது!"

செவந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"முன்னங்கால் லேசா பிசகிடுச்சு, செவந்தி. ஒரு கட்டுப் போட்டு விடேன். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதே!"

"வேலம்மாக்காகிட்ட சொல்லணுமே?"

"சொன்னா என்னை ஓட விட மாட்டாங்க. நான் ஓடலைன்னா கரையே தண்ணிக்குக் காத்து நிக்கணும். அதோட, நம்மாளுங்க வலி வெளியே போகக் கூடாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்கல்ல?"

அட, ஆமாம்! சொல்லியிருக்கிறாள்தானே? செவந்தி அதைப் பிடித்துக்கொண்டாள். மலைக்காரருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னதை, வைத்தியம் பார்ப்பவளுக்கே தெரியக் கூடாது என்று ஆக்கிக்கொண்டாள். பாவம், ஆசை கண்ணை மறைத்தது.

ஏரியடியிலிருந்து சில்லென்ற களிமண்ணைக் கொண்டுவந்து கணுக்காலில் அப்பினாள். அதன்மேல் நாரைச் சுற்றினாள். சிறிது நேரத்தில் மருதன் காலை ஊன்றிப் பார்த்தான்.

"வலி பறந்துடுச்சு! நீ பெரிய ஆளு, செவந்தி!"

அன்று இரவு செவந்தி தூக்கத்திலேயே சிரித்தாள்.

மறுநாள் வேலம்மா, "மருதன் கால்ல என்ன அது?" என்று கேட்டாள். "சும்மா, பிடிப்புக்காகக் கட்டியிருக்கேன்," என்று மருதன் முந்திக்கொண்டான். வேலம்மா செவந்தியைப் பார்த்தாள். செவந்தி குடுக்கையைப் பார்த்தாள். அதற்குள் முயலுக்குக் கண்ணில் தூசி விழ, வேலம்மா ஓடிவிட்டாள்.

பந்தயத்தன்று காலையில் மருதன் மறுபடி புதருக்குப் பின்னால் வந்தான். "கட்டு தளர்ந்து வலிக்குது. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு!" செவந்தி இறுக்கினாள். "இன்னும்!" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினாள்.

வெயில் ஏறியது. கரையெங்கும் கூட்டம். கொக்கு வரிசை, குரங்குக் கூட்டம், மரத்துக்கு மரம் கிளி. பந்தயம் தொடங்கும் முன் செவந்தி குடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் போனாள். முயல் குடித்தது. நரி குடித்தது. காட்டுப்பன்றி பாதி குடித்துப் பாதியை மேலே ஊற்றிக்கொண்டது. கடைசியாக மருதன் குனிந்து குடித்தான்.

குடுக்கையைக் கீழே பிடித்திருந்ததால் செவந்தியின் கண் அவனுடைய கட்டுப் போட்ட காலின் குளம்புக்கு நேராக இருந்தது. அங்கே, பிளந்த குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற தோலில், ஒரு நெருஞ்சி முள் முழுதாக ஏறியிருந்தது. அதைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தது.

"மருதா! முள் குத்தியிருக்கே, வலிக்கலையா?"

"எங்கே? ஒண்ணும் தெரியலையே!" என்று சிரித்தான் மருதன். "எல்லாம் உன் கட்டோட மகிமை!"

செவந்தி விரலால் அந்த இடத்தில் அழுத்தினாள். அவன் நெளியவில்லை. நகத்தால் கிள்ளினாள். அவன் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குளம்புக்கு மேலே தோல் ஏரியடிச் சேறு மாதிரி குளிர்ந்து கிடந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வலி போகவில்லை. வலியைச் சொல்லும் உணர்ச்சிதான் போயிருக்கிறது! இந்தக் காலோடு ஓடையைத் தாண்டினால் எங்கே ஊன்றுகிறோம் என்றே இவனுக்குத் தெரியாது. கால் முறிந்துவிடும். சிறுத்தை உலவும் காட்டில் கால் முறிந்த மான் எத்தனை நாள் இருக்கும்?

"மருதா, நீ ஓட வேண்டாம்."

"என்ன விளையாடுறியா?"

"நான் வேலம்மாக்காகிட்ட சொல்லப் போறேன்."

மருதனின் முகம் மாறியது. "சொன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்! நீயும்தான் மாட்டிப்பே. திருட்டுத்தனமா கட்டுப் போட்டது யாரு? நீதானே! உன்னை இந்த வேலையை விட்டே துரத்திடுவாங்க!"

அது உண்மைதான். தண்ணீர் தூக்கும் வேலையைக்கூட இனி செவந்திக்கு யாரும் தர மாட்டார்கள். ஆனாலும் குடுக்கையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா! மருதன் கால் மரத்துப்போச்சு! ரெண்டு நாளா சுளுக்கு இருக்கு. உங்களுக்குத் தெரியாம நான்தான் கட்டினேன்!"

வேலம்மா பாய்ந்து வந்து பல்லாலேயே நாரை அறுத்தாள். கட்டு அவிழ்ந்ததும் கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கிப் புடைத்திருப்பது தெரிந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. வேலம்மா குளம்புக்கு மேலே தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"ஆ! அம்மா! முள்ளு, முள்ளு! குத்துதே!" என்று மருதன் அலறினான்.

"அப்பாடா!" என்று உட்கார்ந்துவிட்டாள் வேலம்மா. "நல்லா வலிக்குதா? கத்து, கத்து! இதைவிட நல்ல சத்தம் இன்னைக்கு நான் கேட்கலை!"

மருதனுக்குப் பதில் முள்ளம்பன்றி ஓடியது. ஓடியது என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஓடைக்கு வந்ததும் இறங்கி, நிதானமாக நடந்து, மறுகரையில் ஏறி, முள்ளைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மலைக்காரர்கள் ஜெயித்து, ஆடி, பாடி, களைத்தும் போயிருந்தார்கள்.

வேரில் பழகியது முதல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட செவந்தியை வேலம்மா துரத்தவில்லை. ஆனால் திட்டு மட்டும் சாதாரணமாகக் கிடைக்கவில்லை. "ஊருக்கு மறைக்கச் சொன்னா எனக்கே மறைப்பியா? வேர்ல கட்டிப் பழகினியே, கட்டினப்புறம் தொட்டுப் பார்த்து 'தெரியுதா?'ன்னு கேட்கணும்னு அந்த வேர் சொல்லிக் கொடுத்துச்சா? அடுத்த மழை வரைக்கும் நாரைத் தொடாதே. குடுக்கையை எடு!" செவந்தி அழுதுகொண்டே எடுத்தாள்.

கரையில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "கடைசி நேரத்துல போய்ச் சொன்னாளே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று காட்டுப்பன்றி அவள் காதுபடவே முணுமுணுத்தது. மருதன் சொன்னபடியே அவள் முகத்தில் விழிக்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அவன் கால் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் அவன் படுத்திருந்த மரத்தடியில் தினமும் ஒரு குடுக்கைத் தண்ணீர் நிறைந்து இருந்தது. யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கோடை வந்தது. மலைக்காரர்கள் முதலில் குடித்தார்கள். கரைக்காரர்கள் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அப்படி நின்ற ஒரு மத்தியானம், நாணல் அசைந்தது. பாய்ந்தது சிறுத்தை!

எல்லாரும் சிதறினார்கள். சிறுத்தை தனியே அகப்பட்ட மருதனைத் துரத்தியது. அவனுக்கு முன்னே அதே ஓடை. பின்னே சிறுத்தையின் மூச்சு. செவந்தி கண்ணை மூடவில்லை. அவன் கால்களையே பார்த்தாள். மருதன் எழும்பினான். பறந்தான். மறுகரையில் நான்கு கால்களும் நச்சென்று ஊன்றின. சிறுத்தை ஓடையில் விழுந்து, சேற்றைப் பூசிக்கொண்டு, வெட்கப்பட்டுப் போய்விட்டது.

காட்டுப்பன்றி தரையைப் பார்த்தது.

மருதன் மூச்சிரைக்க ஏரியைச் சுற்றித் திரும்பி வந்தபோது, அவன் கேட்பதற்கு முன்பே ஒரு குடுக்கை அவன் வாய்க்கு நேராக நீண்டது. குடித்து முடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"செவந்தி, பின்னங்கால்ல லேசா ஒரு வலி. இன்னும் யாருக்கும் தெரியாது."

"நான் வேலம்மாக்காகிட்ட சொல்லிடுவேன், மருதா!"

"தெரியும்," என்றான் மருதன். "அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்!"

நம்மை நம்பி வந்தவரின் வலியை மறைக்க உதவுவது நட்பு ஆகாது. அவர் கோபித்துக்கொண்டாலும் அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்வதே அவரைக் காக்கும்.