குடத்தில் எடுத்து வைத்த மண்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் அருளாந்து. விருத்தாசலம் பக்கம் வாஷ்பேசின் செய்யும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மண் கரைத்தவர்.

அச்சில் ஊற்றும் களிமண் கரைசலை அங்கே ஸ்லிப் என்பார்கள். ஒரு கோடையில் தொட்டியிலிருந்த ஸ்லிப் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம். வார்த்த பேசின்களிலெல்லாம் ஊசித் துளை.

முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு தொட்டி நாறினா, சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடு."

அருளாந்து முகிலா டீச்சரிடம் போனார். கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் மண் சோதிப்பவர். அவரைவிட இருபது வயது சின்னவர்.

"நீங்க குடுத்த கிருமி மருந்தைப் போட்டேன் டீச்சர். இரட்டிப்பா போட்டேன். கிருமி சாகலே. உங்க மருந்து டூப்ளிகேட்டா?"

"தொட்டியைக் கழுவினீங்களா அண்ணே?"

"மூணு தடவை! கை வெந்து போச்சு, பாருங்க."

"அப்புறம்?"

"புது மண். புதுத் தண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? மூடி போட்டேன்."

டீச்சர் கையசைத்து, மேலே சொல்லும்படி காட்டினார்.

"ஒரு குடம் பழசு ஊத்துவேன். கழுவறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருவேன். அது கலந்தாத்தான் அச்சுல பிடிக்கும். எனக்கு மட்டும் தெரிஞ்ச பக்குவம் அது."

"நாளைக்கு அந்தக் குடத்தைக் கொண்டாங்க."

"குடத்துல என்ன இருக்கு? நான் தொட்டியைப் பத்திப் பேசறேன், நீங்க குடத்தைக் கேக்கறீங்க!"

மறுநாள் குடத்தோடு பஸ் ஏறினார். கூடத்து மேஜையில் அதை டொக்கென்று வைத்தார்.

"திறங்க அண்ணே," என்றார் டீச்சர்.

"இங்கேயா? ஊரே நாறிப் போகும் டீச்சர்."

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

குடத்துப் பழசுதான் ஒவ்வொரு புதுத் தொட்டியையும் கெடுக்கிறது என்று அந்த நொடியில்தான் தனக்கு விளங்கியது என்பார் அருளாந்து. எனக்கு அது மட்டும் தொண்டையில் இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என் தலையாட்டல் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

போன மாதம் கேட்டுவிட்டேன்.

"பஸ்ல நாறாம இருக்க, ஏறறதுக்கு முன்னாடி குடத்து வாயை எத்தனை மடிப்புத் துணியால கட்டினீங்க?"